ஏனோக் பேரில் ஒரு கால்

ஏனோக்கை ஏமாற்றக்கூடிய மனிதன், தங்கச் சுரங்கம் மூடிப்போன மாரிகுப்பத்தில் இன்னும் பிறக்கவில்லை என்று ஏனோக்கே சொல்லிக்கொள்வார். அதில் உண்மையும் இருந்தது. ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் கத்திரிக்காய் பளபளவென்று கண்ணைப் பறித்தால், "இவ்ளோ நல்லா கீறது காலைலயிருந்து விக்காம ஏன் கெடக்குது?" என்று யோசித்து, பக்கத்துக் கூடையில் சொத்தையாக இருப்பதைப் பார்த்துப் பொறுக்கி வாங்கி வருவார். சொத்தைக் கத்திரிக்காய் வேஷம் போடாது என்பது அவர் கட்சி. மனைவி ஜெயசீலி பாதியை நறுக்கி எறிந்துவிட்டு மீதியைக் குழம்பு வைப்பாள். யாரும் அவரை ஏமாற்றவில்லை. குழம்பில் காய்தான் இருக்காது.

அப்படிப்பட்ட மனிதரை ஐம்பத்து மூன்றாவது வயதில் அவருடைய சொந்த இடது காலே ஏமாற்றத் தொடங்கியது.

பெங்களூரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் அவர் பட்டுப் பிரிவின் மேற்பார்வையாளர். மேற்பார்வை என்றால் உட்காராமல் பார்ப்பது. வாடிக்கையாளர் நிற்கும்போது ஊழியர் உட்காரக் கூடாது, வாடிக்கையாளர் உட்கார்ந்தாலும் ஊழியர் உட்காரக் கூடாது என்பது அந்தக் கடையின் சட்டம். பல வருஷம் அப்படி நின்றதில் முழங்காலுக்குக் கீழே நரம்புகள் மண்புழு மாதிரி புடைத்துச் சுருண்டுகொண்டன. கணுக்கால் கறுத்தது. கறுத்த இடத்தில் அரித்தது. அரித்த இடத்தில் ஒரு புண் திறந்து, எந்தக் களிம்புக்கும் மசியாமல் மாசக்கணக்கில் ஈரமாகவே இருந்தது. நொண்டுகிற மேற்பார்வையாளரைக் கடை எத்தனை நாள் வைத்துக்கொள்ளும் என்பது ஏனோக்குக்குத் தெரியும். புண் ஆறினால் வேலை, ஆறாவிட்டால் வீடு.

ராபர்ட்சன்பேட்டை டாக்டர் ஜெயகரன் காலைப் பார்த்துவிட்டுச் சுற்றி வளைக்காமல் சொன்னார். "வெரிகோஸ். ரத்தம் மேல ஏறணும் ஏனோக். உங்களுக்கு நரம்புக்குள்ள கீற வால்வு போயிடுச்சு, ஏறுனது திரும்ப எறங்கித் தேங்குது. அந்தக் கெட்ட நரம்ப மூடுனாத்தான் புண்ணு ஆறும். இல்லாட்டி என்னைக்காவது பிச்சிக்கினு ரத்தம் கொட்டும்."

"மூடறதுன்னா? அறுத்தா?"

"அதெல்லாம் அந்தக் காலம். இப்ப ஊசி போற ஓட்டையே போதும். லேசர்ல சுடலாம். ரேடியோ அலைல சூடு பண்ணலாம். பசை வெச்சி ஒட்டலாம். நுரை மருந்த ஏத்திச் சுருங்க வைக்கலாம். பெங்களூர்ல நாலும் செய்றாங்க."

நாலு என்றதும் ஏனோக்கின் காது நிமிர்ந்தது. எந்தப் புடவையைத் தள்ளிவிட வேண்டுமோ, அதற்கு முன்னால் மூன்று புடவையை விரித்துப் போடுவது அவருடைய தொழில். நோய்க்கு ஒரு மருந்து இருந்தால் அது வைத்தியம். நாலு இருந்தால் அது கடை.

"நரம்ப மூடிட்டா ரத்தம் எங்க போகும் டாக்டர்?"

"மத்த நல்ல நரம்பு வழியா போகும்."

"பம்ப நிறுத்துன அப்பறம் சுரங்கத்துத் தண்ணி எங்க போச்சின்னு நம்மூருக்குத் தெரியாதா? ஒரு லெவல மூடுனா இன்னொரு லெவல்ல ஏறுது."

"உங்க கால்ல தங்கம் ஒன்னும் எடுக்கல. போய்க் காட்டுங்க," என்றார் டாக்டர்.

ஏனோக் காட்டப் போகவில்லை, பார்க்கப் போனார். நாலு வைத்தியத்தில் எது மோசடி, எது பெரிய மோசடி என்று ஒப்பிட்டுப் பார்க்காமல் காலைக் கொடுக்கிற ஆள் அவரல்ல. செய்துகொண்டவர்களைத் தேடிப் போய் ஒவ்வொருவர் காலாகப் பார்த்தார்.

முதலில் சிவகுமார். தினமும் பெங்களூர் ரயிலில் கூடவே வரும் பையன். பையன் என்றாலும் நாற்பது தாண்டியவன். லேசர் செய்துகொண்டவன். ஓடும் ரயிலில் பேன்ட்டைச் சுருட்டிக் காட்டினான். "நரம்பு நீளத்துக்கும் சுத்திச் சுத்தி ஊசி போட்டு மருந்துத் தண்ணி ஏத்துவாங்கண்ணா, அதான் வலி. சுட்டதே தெரியல. ரெண்டு வாரம் தொடை நீலமா கெடந்துச்சி, உள்ள கயிறு கட்டி இழுக்கற மாதிரி. இப்ப பாரு, ஓடறேன்."

கால் உண்மையிலேயே நன்றாக இருந்தது. அதுதான் ஏனோக்குக்குப் பிடிக்கவில்லை. இவ்வளவு உற்சாகமாகச் சொல்கிறான் என்றால் ஆள் பிடித்துக் கொடுத்தால் இவனுக்கு ஏதோ கிடைக்கிறது.

அடுத்தது பார்வதம்மா. பசை வைத்துக்கொண்டவர். "ஒரே ஊசிதான்பா. சுத்தி ஊசியும் இல்ல, அந்த இறுக்கற சாக்ஸும் வாணான்னுட்டாங்க. அன்னைக்கே வந்து சோறாக்குனேன். ஆனா பத்து நாள் போயி தொடையெல்லாம் கோடு போட்ட மாதிரி செவந்து ஒரே அரிப்பு. மாத்திர குடுத்தாங்க, அடங்கிச்சி."

"பசை உள்ளயே கீதா?"

"கீதோ கரைஞ்சிச்சோ, யாரு எட்டிப் பாத்தா?"

ஏனோக் குனிந்து அவர் காலை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தபோது பார்வதம்மாவின் மருமகள் இந்து வாசலுக்கு வந்தாள். அன்று சாயங்காலமே ஜெயசீலியின் காதுக்குச் செய்தி வந்துவிட்டது.

"இன்னாங்க, ஊர்ல கீற பொம்பளைங்க காலெல்லாம் பாத்துக்கினு திரியறீங்களாமே?"

"ஆராய்ச்சி."

"இன்னும் ஒரு வீட்டுல ஆராய்ச்சி பண்ணா, இன்னொரு காலும் வீங்கும்."

மூன்றாவது ஆள் நந்திதுர்க்கில் செருப்புக்கடை வைத்திருக்கும் நாகேஷ். நுரை மருந்து. செலவு குறைச்சல், வலியும் இல்லை, ஆனால் மூடிய நரம்பு திரும்பத் திறந்துகொண்டு இரண்டாம் முறையும் போய்வந்தவன். மூன்றாம் முறைக்கும் கூப்பிட்டிருக்கிறார்கள். "சீப்புண்ணா," என்று நாகேஷ் பெருமையாகச் சொன்னான்.

நாலாவதான ரேடியோ சூடு செய்துகொண்ட ஆள் ஒருத்தர்கூட ஊரில் அகப்படவில்லை. இதுதான் ஏனோக்கை மிகவும் கலக்கியது. செய்துகொண்டவன் ஒருவனும் ஊரில் இல்லையென்றால், செய்துகொண்டவன் ஒருவனும் திரும்பி வரவில்லை என்றுதானே அர்த்தம்?

இப்படியே ஒப்பிட்டுக்கொண்டிருந்ததில் புண் கொஞ்சம் அகலமானது.

அந்தச் சமயத்தில்தான் சர்ச் சபையின் செயலாளர் டென்சில் ஒரு முகாம் வைத்தார். டென்சில் ஒரு காரியத்தைச் செய்தால் அதற்கு முதலில் பேனர் வரும், பிறகு காரியம் வரும். மாரிகுப்பம் சபை மண்டபத்து வாசலில் கட்டிய பேனரில் டென்சிலின் முகம் வண்டிச் சக்கரம் அளவுக்கு இருந்தது. ஓரத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் கால். அந்தக் காலில் வைத்தியம் பார்க்க ஒன்றுமே இல்லை. கீழே, "கத்தியில்லை, ரத்தமில்லை, தையலில்லை! பெங்களூர் சுகநடை கிளினிக் வழங்கும் இலவச ஸ்கேன்!"

"ரத்தமே இல்லன்னா கால்ல அப்பறம் இன்னா கீதாம்?" என்றார் ஏனோக்.

"போய்க் காட்டிட்டு வாங்களேன். சும்மாத்தான பாக்கறாங்க?" என்றாள் ஜெயசீலி.

சும்மா என்ற வார்த்தையைக் கேட்டு ஏனோக் சிரித்தார். கடையில் கூல்டிரிங்க் சும்மாத்தான் கொடுக்கிறார்கள். குடித்துவிட்டு வெறுங்கையோடு எழுந்து போன குடும்பத்தை அவர் பார்த்ததில்லை. இந்த டாக்டரும் வருகிற கால் அத்தனைக்கும் லேசர் என்றுதான் சொல்லப் போகிறான். அதைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டால்?

அதற்கு வழி அவருடைய ரத்தத்திலேயே இருந்தது. சுரங்கம் ஓடிய நாளில் கீழே இறங்குகிற ஆட்களுக்கு நெஞ்சுப் படம் எடுப்பார்கள். நெஞ்சில் தூசி ஏறியவன், வேலை போய்விடுமே என்று, தன் நம்பர் பில்லையை நல்ல நெஞ்சுக்காரன் ஒருவனிடம் கொடுத்து அனுப்புவானாம். படம் எடுக்கிறவனுக்கு நம்பர் தெரியும், முகம் தெரியாது. இப்படி ஒரே நெஞ்சு ஏழெட்டுப் பேர் பேரில் படமாக விழுந்ததாகவும், அந்த நெஞ்சுக்காரனுக்கு அந்த மாசம் சாராயத்துக்குக் குறைவில்லாமல் இருந்ததாகவும் ஏனோக்கின் அப்பா சிரித்துச் சிரித்துச் சொல்வார். ஆள் மாற்றுவது என்று அதற்குப் பேர்.

ஏனோக் அதைத் திருப்பிப் போட்டார். நல்ல காலைத் தன் பேரில் அனுப்பினால்? அதற்கும் வைத்தியம் வேண்டும் என்று சொன்னால், டாக்டர் திருடன். முடிந்தது.

நல்ல கால் வீட்டிலேயே இருந்தது. ஜெயசீலியின் தம்பி மேக்ஸ்வெல், பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். இருபது வருஷம் ஹாக்கி ஆடிய கால்.

"மச்சான், உன் காலு வேணும்."

"எத்தினி நாளைக்கு மாமா?" என்றான் மேக்ஸ்வெல். அவனுக்குத் திட்டத்தைச் சொல்லி முடித்ததும் முகம் மாறியது. "சர்ச்சு மண்டபத்துல பொய் சொல்லணுமா?"

"பொய்யி வாயிலதான். காலு உண்மையைத்தான் சொல்லப்போவுது."

முகாம் அன்று டென்சில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, கால் நோயாளிகளை அரைமணி நேரம் நிற்கவைத்துக் கால் நலத்தைப் பற்றிப் பேசினார். பிறகும் மைக்கை விட்டு நகரவில்லை. பேர் பதிந்தது கிளினிக்கிலிருந்து வந்த நிக்கோல் என்ற பெண். அவளுக்கு ஊரில் யாரையும் தெரியாது.

"பேர் சார்?"

"ஏனோக். வயசு ஐம்பத்து மூணு," என்றான் மேக்ஸ்வெல், தொண்டையைக் கனைத்து.

"வயசு ஐம்பத்து மூணா? சூப்பரா மெயின்டெய்ன் பண்றீங்க சார். நம்ம கிட்ட கோல்ட் பேக்கேஜ், பிளாட்டினம் பேக்கேஜ் ரெண்டும் இருக்கு."

தங்கம் தோண்டித் தோண்டி மூடிப்போன ஊருக்கு கோல்ட் பேக்கேஜ் கொண்டு வந்திருக்கிறார்கள் என்று ஏனோக் மனசுக்குள் குறித்துக்கொண்டார்.

துணி மறைப்புக்குப் பின்னால் டாக்டர் ரூபேஷ், இளவயது, தூக்கக் கலக்கமான கண்கள். மேக்ஸ்வெல்லை ஸ்டூல் மேல் நிற்கவைத்து, தொடையில் பசைமாதிரி ஏதோ தடவி, கருவியை வைத்து, கெண்டைக்காலை அமுக்கினார். திரையில் நீலம் மேலே பாய்ந்தது. கையை எடுத்தார். ஒன்றும் கீழே வரவில்லை. இன்னொரு முறை அமுக்கி விட்டார். அப்போதும் வரவில்லை.

"அருமையான காலு. ஒன்னும் தேவையில்ல, போலாம்."

ஏனோக் திடுக்கிட்டார். "லேசரு?"

"வேணாம்."

"ரேடியோ?"

"வேணாம்."

"பசையாவது கொஞ்சம் வெச்சி..."

"சார், நல்ல நரம்ப எதுக்கு ஒட்டணும்?"

"நுரை? சின்னதா ஒரு ஊசி? நாங்க வாணான்னு சொல்ல மாட்டோம் டாக்டர்."

டாக்டர் ரூபேஷ் முதல்முறையாகத் தலையைத் திருப்பி ஏனோக்கைப் பார்த்தார். "இவர் யாரு?"

"மாமா," என்று சொல்லிவிட்டு, "இல்ல, மச்சான். மேக்ஸ்வெல்லு. நான் ஏனோக்கு," என்றான் மேக்ஸ்வெல். வாத்தியார்தான், பொய் சொல்லிப் பழக்கமில்லை.

டாக்டரின் பார்வை ஏனோக்கின் முகத்திலிருந்து இறங்கி, இடது காலுறையில் ஊறியிருந்த மஞ்சள் கறையில் நின்றது. "உங்க காலைக் கொஞ்சம் காட்டுங்க சார்."

"என் காலுக்கு இன்னா? நான் தொணைக்கு வந்தவன்," என்று ஏனோக் விறுவிறுவென்று வெளியே வந்துவிட்டார்.

வழியில் மேக்ஸ்வெல் ஆசுவாசமாக மூச்சு விட்டான். "நல்லதாப் போச்சி மாமா. டாக்டரு நேர்மையான ஆளு. நாளைக்கே நீ போயி..."

"நீ ஒரு வெகுளி மச்சான். கடைல ஒரு பொம்பள நல்ல புடவைய எடுத்தா, 'இது உங்களுக்கு எடுப்பா இல்லம்மா, வாணாம்'னு நானே சொல்வேன். அப்பறம் இன்னா காட்டுனாலும் கண்ண மூடிக்கினு வாங்கும். அதே வேலை! ஒரு கால வுட்டு ஒம்பது கால புடிக்கறான்."

"அப்போ லேசர் வேணும்னு சொல்லியிருந்தா?"

"திருடன்னு தெரிஞ்சிருக்கும்."

"வாணாம்னு சொன்னதால?"

"பெரிய திருடன்னு தெரிஞ்சிச்சி."

மேக்ஸ்வெல் தன் அருமையான கால்களைப் பார்த்துக்கொண்டே நடந்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் டென்சில் அறிவிப்புக்கு எழுந்தார். முகாமின் மகத்தான வெற்றியைப் பற்றி அவர் பேசப் பேச, போதகரே கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில் டென்சில் குரலைத் தழைத்தார். "நம்ம சபையில ஒருத்தர். மாசக்கணக்கா நொண்டி நொண்டி நடந்தாரு, நாமெல்லாம் பாத்துப் பரிதாபப்பட்டோம். முகாம்ல டாக்டர் ஸ்கேன் பண்ணிப் பாத்தாரு. ஒரு கோளாறும் இல்ல! அருமையான காலுன்னு கைப்பட எழுதிக் கொடுத்திருக்காரு. சகோதரர் ஏனோக் அவர்களே, எழுந்து நில்லுங்க!"

கை தட்டினார்கள். ஏனோக் எழுந்து நின்றார். வேறென்ன செய்வார்? அது என் கால் இல்லை என்றால், சபை மண்டபத்தில் பொய்ப் பேர் கொடுத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். பெண்கள் பக்கத்தில் ஜெயசீலி தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பினாள். தினமும் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவள் அவள். ஆண்கள் பக்கத்தில் மேக்ஸ்வெல் காலை மடக்கி பெஞ்சுக்கு அடியில் ஒளித்துக்கொண்டிருந்தான். இரண்டும் இரண்டும் நாலு என்று அவளுக்கு அங்கேயே விளங்கிவிட்டது.

கோயில் வாசலிலிருந்து தெருமுனை வரை, ஊர் பார்க்க, ஏனோக் நொண்டாமல் நடந்தார். அவ்வளவு வலி அவர் அதுவரை பட்டதில்லை.

விஷயம் அதோடு நிற்கவில்லை. டென்சில் அதை மாரிகுப்பம் ரயில் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டார், பூங்கொத்துப் படத்தோடு. இதுவரை சாயங்கால ரயிலில் பெங்களூர் சிட்டியிலேயே ஏறுகிற சிவகுமார், கண்டோன்மென்ட்டில் ஏறும் ஏனோக்குக்குக் கைக்குட்டை போட்டு இடம் பிடித்து வைப்பான். திங்கட்கிழமை அந்த இடத்தில் முதுகுவலிக்கார டைட்டஸ் உட்கார்ந்திருந்தார்.

"வாண்ணா, அருமையான காலு! நில்லு நில்லு, உனக்கு இன்னா?" என்றார் டைட்டஸ்.

"இத்தினி நாளு என் கைக்குட்டைய ஏமாத்திட்டியே அண்ணா," என்றான் சிவகுமார். அவன் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

யாராலும் ஏமாற்ற முடியாத மனிதரை, ஊரே இப்போது ஏமாற்றுக்காரர் என்று பார்த்தது. கடையில் பகலெல்லாம் நின்றவர், ரயிலிலும் நின்றார். அன்றும் மறுநாளும் நின்றார். புண்ணுக்கு மேலே ஒரு நரம்பு திராட்சை மாதிரி நீலமாக உப்பியது. ஜெயசீலி பார்த்துவிட்டு, "போயி உண்மையச் சொல்லுங்க, இல்லாட்டி நான் சொல்றேன்," என்றாள். "இந்த வாரம் போவட்டும்," என்றார் ஏனோக்.

வியாழக்கிழமை, ரயில் மாலூர் தாண்டி ஓடிக்கொண்டிருந்தபோது, கீழே குந்தியிருந்த ஒரு கன்னடக்காரப் பெரியவர் சட்டென்று காலை இழுத்துக்கொண்டு, யார் துப்பியது என்று கத்தினார். "ஏன்ரீ இது! யாரு உகுளித்து?"

தரையில் சிவப்பாக ஒரு கோடு ஓடியது. ஏனோக் உடனே பக்கத்தில் பான் மென்றுகொண்டிருந்தவனை முறைத்தார். இந்த மூஞ்சிதான் துப்பியிருக்கும் என்று ஏறும்போதே நினைத்தார். ஏனோக்கின் ஷூ மேலேயே துப்பியிருக்கிறான். "மனுஷனா நீ?" என்று வாயைத் திறந்தபோதுதான் ஷூவுக்குள்ளே வெதுவெதுவென்று இருப்பது தெரிந்தது. விரல்களுக்கிடையில் வழுக்கியது.

"என் காலு," என்றார். "சிவா, என் காலுடா."

"உன் காலுதான் அருமைன்னு சர்ச்சுலயே படிச்சாங்களே," என்று டைட்டஸ் சிரித்தார். யாரும் அசையவில்லை. பேன்ட்டைத் தூக்கியதும் நீலத் திராட்சை இருந்த இடத்திலிருந்து ரத்தம் மெல்லிசாக, நிற்காமல் பீறிட்டு எதிர் சீட்டுக்காரரின் சட்டையில் பட்டது. அப்புறம்தான் சிரிப்பு நின்றது.

சிவகுமார் எழுந்தான். சீட்டைக் காலி செய்து ஏனோக்கைப் படுக்க வைத்து, காலைத் தூக்கித் தன் தோள்மேல் போட்டுக்கொண்டு, கைக்குட்டையை மடித்து ஓட்டைமேல் அழுத்திப் பிடித்தான். "பயப்படாதண்ணா. கால தூக்கி வெச்சா ரத்தம் நின்னுடும். எனக்குச் சொல்லிக் குடுத்துகிறாங்க."

ரத்தம் மெல்ல அடங்கியது. அடங்கியதும் பெட்டியில் பேச்சு கிளம்பியது. தூக்கி வைத்த காலைச் சுற்றி ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். லேசர்தான் என்றான் ஒருவன். லேசர் சுட்டால் நரம்பு செத்துப்போகும், என் சித்தப்பாவுக்குப் பாதம் மரத்தே போச்சு, பசைதான் என்றான் இன்னொருவன். பசை ஒட்டி ஒட்டி மூளைக்குப் போய்விடும் என்றது மேல் பலகையிலிருந்து ஒரு குரல். ஏனோக் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் அவரே கேட்ட கேள்விகள்தாம். படுத்துக்கொண்டு கேட்கும்போது வேறு மாதிரி இருந்தது.

"இருங்கப்பா," என்று டைட்டஸ் கையைத் தூக்கினார். "இப்படிக் கொட்டற கால அருமைன்னு சொன்னானே, அவன் டாக்டரா? போலி! நாளைக்கே கம்ப்ளெயின்ட் குடுக்கணும்."

"நான் அப்பவே நெனச்சேன். சும்மா ஸ்கேன்னு சொன்னாலே திருட்டுப் பசங்கதான்," என்றான் பான் மென்றவன், உரிமையோடு. நாலைந்து பேர் அந்த டாக்டர் பேரை எழுதி வாட்ஸ்அப்பில் போடப் போனைக் கையில் எடுத்தார்கள்.

வாழ்க்கையில் முதல்முறையாக, ஒரு பெட்டி நிறைய ஜனம் ஏனோக்கின் சந்தேகத்தோடு ஒத்துப்போனது. அனுபவிக்க முடியவில்லை. அந்தத் தூங்குமூஞ்சி டாக்டர் ஒருவர்தான், யாரும் சொல்லாமலே, அவருடைய காலுறையைப் பார்த்தவர். அவரைத் துரத்திவிட்டு இந்தக் காலை யாரிடம் கொண்டுபோவது?

"போன வெய்யுங்க," என்றார் ஏனோக்.

"நீ பேசாதண்ணா, நாங்க பாத்துக்கறோம்."

"அவுரு பாத்தது என் கால இல்ல."

"அப்பறம்?"

"மேக்ஸ்வெல்லு காலு."

டைட்டஸ் ஏனோக்கின் முகத்தையும் தூக்கிய காலையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆள் மாத்துனியா?"

ஏனோக் கண்ணை மூடிக்கொண்டார்.

"டேய், ஆள் மாத்தியிருக்கான்டா!" என்று டைட்டஸ் முதுகுவலியை மறந்து துள்ளினார். பெட்டியே சிரித்தது. "எங்கப்பனெல்லாம் வேலைக்காக மாத்துனான். நீ எதுக்குய்யா மாத்துன? சும்மா பாக்கற டாக்டருக்குக் கெட்ட கால மறைச்சிட்டு நல்ல கால அனுப்பியிருக்கான்!" கன்னடக்காரப் பெரியவருக்கு ஒருவன் விஷயத்தை மொழிபெயர்த்துச் சொல்ல, அவரும் தாமதமாக, தனியாகச் சிரித்தார். சிவகுமாருக்குச் சிரிப்பில் தோள் குலுங்கியது. ஆனாலும் கைக்குட்டை மேலிருந்த விரலை அவன் எடுக்கவில்லை.

பங்காருபேட்டையில் இறக்கிக் கட்டுப் போட்டார்கள். மறுநாள் காலை ஜெயசீலி அவரைக் காரில் ஏற்றி, காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, நேராக சுகநடைக்கே கூட்டிப் போனாள்.

டாக்டர் ரூபேஷ் பேரைப் பார்த்தார். ஆளைப் பார்த்தார். "ஆதார் கார்டு இருக்கா?"

கார்டை வாங்கி முகத்தோடு ஒத்துப் பார்த்தார். திருப்பி வைத்தும் பார்த்தார். பிறகு ஜெயசீலியிடம் கேட்டார்: "அம்மா, இவர் உங்க வீட்டுக்காரர்தானா? காலும் அவரோடதுதானா?"

"காலு அவருதுதான் டாக்டர். புத்திதான் யாருதுன்னு தெரியல."

ஏனோக்கை ஸ்டூல் மேல் ஏற்றிக் கருவியை வைத்தார். ஏனோக் திரையைச் சந்தேகமாகப் பார்த்தார். "இது என் காலுன்னு எப்பிடித் தெரியும்?"

"நீங்களே கேக்கறீங்களா?" என்று சொல்லிவிட்டு டாக்டர் அவர் கெண்டைக்காலை அமுக்கினார். திரையில் நீலம் மேலே பாய்ந்தது. கையை எடுத்ததும் சிவப்பு மடமடவென்று கீழே கொட்டியது, நிற்கவே இல்லை. மேக்ஸ்வெல்லுக்கு அமுக்கிவிட்டபோது கீழே ஒரு சொட்டு வரவில்லை என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் அவர். ஊரெல்லாம் அலைந்து பார்த்த காலில் தெரியாதது இந்த இரண்டு காலில் தெரிந்தது.

"நாலுல எது நல்லது டாக்டர்?" என்றார். இந்த முறை கேள்வியாகவே கேட்டார்.

"லேசரும் ரேடியோவும் ரெண்டுமே சூடுதான். மூடறதுல பெரிய வித்தியாசம் இல்ல. ரேடியோல தொடை நீலமாறது கொஞ்சம் கம்மி, வலியும் கம்மி. பசையும் கிட்டத்தட்ட அதே அளவு மூடும், சுத்தி ஊசி வேணாம். ஆனா செலவு கூட, சிலருக்குத் தோல் செவந்து அரிக்கும். நுரை சுலபம், ஆனா திரும்பத் தொறந்துக்கறது அதிகம். உங்களுக்கு நீள நரம்புக்கு ரேடியோ. புண்ணுக்கு அடில வளைஞ்சு கிடக்கறதுக்குள்ள சூடு பண்ற கம்பி போகாது, அங்க மட்டும் நுரை."

"ரெண்டா?" என்று ஏனோக்கின் புருவம் தானாக ஏறியது. "எங்க ஊர்ல ரேடியோ செஞ்சிக்கினவங்க ஒருத்தருமே இல்லையே?"

"உங்க ஊர்ல யாரு யாரோட காலைக் கொண்டு வராங்கன்னு எனக்கு எப்படித் தெரியும் சார்?"

ஜெயசீலி சிரித்தது வெளியே நிக்கோல் வரை கேட்டது.

சுற்றிச் சுற்றி ஊசி போட்டார்கள், வலித்தது. அப்புறம் சூடு தெரியவே இல்லை. தெரியாததால், செய்தார்களா இல்லையா என்று ஏனோக்குக்கு ஓர் எண்ணம் வந்தது. கேட்கலாமா என்று பார்த்தார். தலைமாட்டில் ஜெயசீலி நின்றுகொண்டிருந்தாள். கேட்கவில்லை.

இறுக்கமான காலுறையை மாட்டிவிட்டு, "எழுந்து நடங்க. அரைமணி நேரம் நடந்துட்டு வீட்டுக்குப் போலாம். புண்ணு மெதுவாத்தான் ஆறும், வாராவாரம் காட்டுங்க, உங்க காலையே கொண்டு வாங்க," என்றார் டாக்டர்.

ஆபரேஷன் செய்த கையோடு நடக்கச் சொல்கிற டாக்டரை ஏனோக் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் எழுந்தார். வராந்தாவில் வரிசையாகக் கால்கள் உட்கார்ந்திருந்தன, வீங்கியதும் கறுத்ததும் கட்டுப் போட்டதும். ஓரத்தில் இருந்த ஒரு பெண்மணி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டாள்.

"ஏங்க, இங்க நல்லாப் பாக்கறாங்களா? நம்பலாமா?"

ஏனோக் நின்றார். சொல்வதற்கு எத்தனையோ இருந்தது. லேசர், ரேடியோ, பசை, நுரை எல்லாவற்றையும் வரிசையாக விரித்துப் போட்டிருக்கலாம்.

"தெரியலம்மா," என்றார். "நடக்கச் சொன்னாங்க, நடக்கறேன்."

வராந்தாவின் கோடிவரை போய்த் திரும்பினார். நொண்டி நடப்பதா, நொண்டாமல் நடப்பதா என்பதில் மட்டும் கொஞ்ச நேரம் குழப்பமாக இருந்தது.